பெற்றோல் இல்லாத நாட்டில் பிறந்த கருவி: குஸ்தோவும் சுழியோடியின் ரெகுலேட்டரும்

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்கு இந்தக் கதையின் தொடக்கம் உடனே விளங்கும். சில சொட்டுப் பெற்றோலை விட்டு, உதைத்துக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்ற அந்தக் கைவேலை வடக்கில் எல்லோருக்கும் தெரியும். 1942இல் ஜேர்மனியரின் பிடியில் இருந்த பிரான்சிலும் இதே நிலைமைதான். பெற்றோல் கிடைக்காததால் கார்கள் வாயுவில் ஓடின. எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் விடுகின்ற ஒரு வால்வை, பாரிசில் எயார் லிக்கிட் நிறுவனத்தின் பொறியியலாளர் எமில் கான்யான் செய்துவைத்திருந்தார். அந்த டிசம்பரில் கடற்படை அதிகாரி ஒருவர் அவரைத் தேடி வந்தார். மனிதனின் நுரையீரலுக்கும் இதேபோல் காற்றைக் கொடுக்க ஒரு வால்வு வேண்டும் என்றார்.

வந்தவர் ழாக்-இவ் குஸ்தோ. 1910இல் பிறந்தவர். விமானியாக வேண்டும் என்ற அவரது ஆசை 1936இல் ஒரு கார் விபத்தோடு முடிந்தது. முறிந்த கைகளுக்குப் பலமேற்றத் தூலோன் கடலில் நீந்தத் தொடங்கியவர், நீச்சல் கண்ணாடி வழியாகக் கடலின் அடியைப் பார்த்த பிறகு கரையில் நிற்கவில்லை. அப்போதிருந்த கருவிகளில் ஒன்று, கையால் திறந்து மூட வேண்டிய குழாய். காற்று வீணாகப் போய்க்கொண்டே இருக்கும். மற்றது தூய ஒட்சிசன். அதைச் சுவாசித்து ஆழத்துக்குப் போய் இரண்டு தடவை வலிப்பு வந்து, உயிர் தப்பினார் குஸ்தோ. மனைவி சிமோனின் தந்தை எயார் லிக்கிட்டில் உயர் பதவியில் இருந்ததால் கான்யானின் கதவு எளிதாகத் திறந்தது. சொந்தபந்தம் இல்லாமல் அந்தக் காலத்தில் அங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை போலும்.

1943 ஜனவரியில் பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றின் குளிர்நீரில் முதல் சோதனை. கிடையாக நீந்தும்போது எல்லாம் சரி. நிமிர்ந்து நின்றால் காற்று தானாகவே பீறிட்டு வெளியேறியது. தலைகீழானால் இழுக்கவே கடினமாக இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. மூச்சை வெளிவிடும் வாய் ஓரிடத்திலும், காற்றைத் திறந்துவிடும் சவ்வு வேறோர் உயரத்திலும் இருந்தன. நீருக்குள் ஒரு சாண் உயர வித்தியாசமே அழுத்தத்தை மாற்றப் போதும். இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் கோளாறு தீர்ந்தது. இன்று கடையில் வாங்கும் எந்த ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியிலும் வெளிவிடும் வால்வு சவ்வை ஒட்டியே இருப்பதற்கு அந்த ஆற்றங்கரைத் தோல்விதான் காரணம். அந்த ஜூனில் மத்தியதரைக் கடலில் அதே கருவியோடு குஸ்தோ மீனைப்போல் திரிந்தார்.

கடலுக்கு மேலே நாடு பிளவுபட்டிருந்தது. குஸ்தோ எதிர்ப்பியக்கத்துக்கு உதவியவர். அதற்காகப் பின்னர் விருதும் பெற்றார். மூத்த அண்ணன் பியர்-அந்துவான் ஆக்கிரமிப்பாளரை ஆதரித்து, யூதர்களுக்கு எதிராக நஞ்சு கக்கிய ஒரு பத்திரிகையின் ஆசிரியர். 1946இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது குறைக்கப்பட்டு 1954இல் விடுதலையானார். தம்பி நீதிமன்றத்துக்குப் போய் அண்ணனுக்காகச் சாட்சி சொன்னார். ஒரே வீட்டில் இரண்டு பக்கம் நின்ற பிள்ளைகளைப் பார்த்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை.

அதே 1946 ஓகஸ்டில் குஸ்தோவும் நண்பர் துமாவும் வோக்லூஸ் ஊற்றுக் குகைக்குள் இறங்கினார்கள். ஆழத்தில் இருவருக்கும் மயக்கம். மேலே கயிற்றைப் பிடித்திருந்த மோரிஸ் ஃபார்க் இழுத்தெடுத்ததால் பிழைத்தார்கள். காற்று நிரப்பிய கொம்பிரசர் தன் புகையையே உள்ளிழுத்து, காபனோரொட்சைட்டை சிலிண்டருக்குள் அடைத்திருந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் ஃபார்க்கே 120 மீற்றருக்கு இறங்கினார். கயிற்றில் சமிக்ஞை நின்றுபோனது. இழுத்தெடுத்தபோது வாய்ப்பகுதி நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் மீளவில்லை. கருவி பழுதாகவில்லை. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றிலுள்ள நைதரசனே போதையாகி அறிவை மங்கச் செய்துவிடும்.

தொழில்நுட்பச் சுழியோட்டம் என்று இன்று சொல்லப்படுவது இந்த மரணங்களிலிருந்து வளர்ந்தது. நமக்குக் கிட்டிய உதாரணம் மட்டக்களப்புக் கடலிலேயே கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் அது. 307 பேர் இறந்தார்கள். கப்பல் 50 மீற்றருக்கும் கீழே இருக்கிறது. அங்கே அழுத்தம் மேற்பரப்பைப்போல் ஆறு மடங்கு. காற்றும் ஆறு மடங்கு தடித்துவிடும். மலிவான ரெகுலேட்டரில் அதை இழுக்கவே உடல் களைத்துவிடும். களைத்தவன் காபனீரொட்சைட்டை முழுதாக வெளியேற்ற மாட்டான். அங்கிருந்துதான் பதற்றம் தொடங்கும். ஆகவே சிலிண்டர் வெறுமையாகிக்கொண்டு வந்தாலும், ஆழம் கூடினாலும் இழுவை மாறாத சமநிலை வகையை வாங்க வேண்டும். கவ்வியால் பூட்டுவதைவிடத் திருகிப் பூட்டும் வகை, பாறையிலோ இரும்பிலோ இடிபட்டாலும் எளிதில் கழன்றுபோகாது. இரண்டு சிலிண்டர், இரண்டு தனித்தனி ரெகுலேட்டர். ஒன்று நின்றால் மற்றது. நண்பருக்குக் கொடுக்க இரண்டு மீற்றர் நீளக் குழாய் ஒன்று. ஒட்சிசன் கூடிய கலவைக்குப் பயன்படுத்துவதில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் இருக்கக்கூடாது, தீப்பற்றும். இத்தனையும் பார்த்துவிட்டு, அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவரும் உதிரிப்பாகமும் நாட்டுக்குள் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்குவது வீண். என்னைக் கேட்டால் விலையைவிட இதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

கடலட்டைக்கும் சங்குக்கும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் ஒரு நாளில் பலமுறை இறங்குகின்ற நம் பிள்ளைகளுக்கு நல்ல ரெகுலேட்டர் மட்டும் போதாது. விரைவாக மேலேறினால் இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழியாகி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து போனவர்கள் அந்தக் கரைகளில் இருக்கிறார்கள். குஸ்தோவின் கருவி மூச்சைத் தந்தது. எப்போது மேலேற வேண்டும் என்பதை அது சொல்லாது.

ஹட்டனில் இருந்துகொண்டு கடலைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கேட்பவர்கள் மவுஸ்ஸாக்கலையை நினைக்கட்டும். வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய மஸ்கெலியா நகரின் கோயில் தலைகாட்டுகிறது. பார்க்கக் கூட்டம் கூடுகிறது. நீர் நிறைந்திருக்கும்போது அதைப் பார்க்க ஒரு சுழியோடி இறங்கினால், ரெகுலேட்டர் குறையின்றி வேலை செய்யும். சுற்றியுள்ள அழுத்தத்தை அதன் சவ்வு தானே உணர்ந்துகொள்ளும். ஆனால் ஆயிரம் மீற்றருக்கு மேலே வளியமுக்கம் குறைவு. கடல் மட்டத்துக்குக் கணித்த மேலேறும் அட்டவணை அங்கே ஆளைக் காப்பாற்றாது.

குஸ்தோ பிறகு உலகப் புகழ் பெற்றார். பழைய கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஒன்றைக் கலிப்சோ என்ற ஆய்வுக் கப்பலாக்கினார். அவரது கடல் படம் 1956இல் கான் விழாவின் உயர் விருதையும் 1957இல் ஒஸ்கார் விருதையும் பெற்றது. அதே படத்தில் மீன்களை எண்ணுவதற்காக டைனமைற் வெடிக்க வைக்கிறார்கள். நம் கரைகளில் அந்த வெடியின் விளைவைக் கண்டவர்களுக்கு அது நெருடும். பின்னாளில் கடலைக் காக்கக் குரல் கொடுத்தவரும் அவரே. மகன் பிலிப்பை 1979இல் லிஸ்பனில் விமான விபத்தில் இழந்தார். 1997 ஜூன் 25இல் 87 வயதில் காலமானார்.

வால்வைச் செய்த கான்யான் 1947இலேயே மொன்றியலுக்குக் குடிபெயர்ந்திருந்தார். இன்று நம்மவர்கள் பலர் வாழும் அந்த நகரில் சுழியோட்டக் கருவிகளைத் திருத்தித் திருத்தி வடிவமைத்துக்கொண்டிருந்தவர், 1984இல் இறந்தபோது அவரது பெயர் சுழியோடிகளில் பலருக்கே தெரியாது.