இடி இடிச்சா டிவி ஏன் போகுது? மின்னலுக்கு வழி காட்டிய பெஞ்சமின் பிராங்க்ளின் யார்?

காரைக்குடி பக்கம் வானம் இருட்டிக்கிட்டு வந்தாலே, டிவி பிளக்கைப் பிடுங்கச் சொல்லி வீட்டுப் பெரியவங்க குரல் கொடுப்பாங்க. இந்தப் பயத்துக்கு 270 வருஷத்துக்கு முன்னாடியே பாதித் தீர்வு கண்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

ரெண்டு வருஷப் படிப்பு

1706 ஜனவரி 17-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தார். அப்பாவுக்கு மெழுகுவர்த்தி, சோப்பு தயாரிக்கும் தொழில். மொத்தம் 17 பிள்ளைகளில் இவர் 15-வது. பள்ளிக்கூடம் போனது ரெண்டே வருஷம். 12 வயசுல அண்ணனோட அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒத்துப்போகாததால் 17 வயசுல பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனார். அங்கே சொந்த அச்சகம், பத்திரிகை என வளர்ந்தவர், 42 வயசுல தொழிலைக் கூட்டாளியிடம் ஒப்படைச்சுட்டு மின்சார ஆராய்ச்சியில் இறங்கினார்.

பட்டம் விட்ட கதை

மின்னலைக் கடவுளின் கோபம்னு பலரும் நம்பிய காலம் அது. அதுவும் மின்சாரம்தான் என்பது இவரது கணிப்பு. அதைச் சோதிக்க இவர் எழுதிய வழிமுறை 1752 மே மாதம் பிரான்ஸில் பலித்தது. அதே ஆண்டு மகனுடன் சேர்ந்து பட்டம் விட்டு இவரும் சோதித்தார். பட்டத்தில் மின்னல் விழுந்ததா சொல்வது தவறு. மேகத்தின் மின்னேற்றம்தான் ஈர நூல் வழியா சாவிக்கு இறங்கியது. மின்னலே விழுந்திருந்தா பிழைத்திருக்க மாட்டார். அடுத்த வருஷம் ரஷ்யாவில் இதுபோன்ற ஆய்வில் ஈடுபட்ட ரிச்மன் என்ற விஞ்ஞானி மின்னல் தாக்கி இறந்தார்.

கூரை உச்சியில் ஒரு கம்பி, அதிலிருந்து மண்ணுக்கு ஒரு பாதை. இதுதான் இடிதாங்கி. 1752-லேயே தன் வீட்டில் பொருத்தினார். காப்புரிமை வாங்காமல் உலகத்துக்கே விட்டுக்கொடுத்தார். பிறகு அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரானார். 1790 ஏப்ரல் 17-ல், 84 வயதில் காலமானார்.

மீதித் தீர்வு நம்ம கையில்

இடிதாங்கி இருந்தா டிவி தப்பிக்கும்னு நினைக்காதீங்க. அது காப்பாத்துவது கட்டடத்தை மட்டும்தான். தூரத்தில் இடி விழுந்தாலும் கரன்ட் லைன், கேபிள் வழியா திடீர் மின்னழுத்தம் வீட்டுக்குள் பாயும். அந்தக் கண நேரப் பாய்ச்சலை சாதாரண ஸ்டெபிலைசரால் தடுக்க முடியாது.

மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் பொருத்தலாம். கூடுதல் மின்னழுத்தத்தை அது எர்த் பக்கம் திருப்பிவிடும். ஆனா எர்த்திங் சரியில்லைன்னா பலன் இருக்காது. பழைய செட்டிநாட்டு வீடுகளில் இதை எலக்ட்ரீஷியனை வைத்துப் பரிசோதிப்பது அவசியம். மண் காய்ந்து போனாலும் எர்த்திங் பலவீனமாகும்.

மழைக்கு முன்பே பிளக்கையும் கேபிளையும் சேர்த்துக் கழற்றிடுங்க. இடி இடிக்க ஆரம்பிச்ச பிறகு அதில் கை வைக்காதீங்க. டிவியை வேற வாங்கிக்கலாம், உயிரை வாங்க முடியாது.