கம்பியால் அளந்த மனிதர்

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தேன். உதிரிப்பாகம் வராது. பள்ளிக்கூடப் பாகைமானிகள் இரண்டை வட்டமாக ஒட்டி, கிராங் முனையில் பொருத்தி, வால்வு எந்தப் பாகையில் திறக்கிறது, எதில் மூடுகிறது என்று கொப்பியில் குறிப்பேன். கிராங் இரண்டு சுற்றுக்குக் காம் ஒரு சுற்று. காமின் மேடு தேய்ந்தால் வால்வு போதிய உயரம் எழும்பாது, வண்டி இழுக்காது. அந்தக் கொப்பி 1995 இடப்பெயர்வில் தொலைந்தது.

பேர்ட் மன்றோவைப் பற்றிப் பின்னர்தான் அறிந்தேன். 1899 இல் நியூசிலாந்தின் இன்வர்கார்கிலில் பிறந்தவர். 1920 இல் 600 சிசி இன்டியன் ஸ்கவுட் ஒன்றை வாங்கினார். அது மணிக்கு சுமார் 88 கிலோமீற்றர் ஓடும். பணவசதி இல்லை. பழைய தகரங்களில் பிஸ்டன் வார்த்தார். சக்கரக் கம்பியையே அளவுகருவியாக்கினார். பக்கவாட்டு வால்வுகளை மேல்வால்வுகளாக மாற்றினார். இரண்டு காம் இருந்த இடத்தில் நான்கு வைத்தார். உடைந்த பாகங்களையும் எறியாமல் தட்டில் அடுக்கி வைத்தார்.

1967 இல், 68 வயதில், அமெரிக்காவின் பொன்வில் உப்புவெளியில் 1000 சிசிக்கு உட்பட்ட வகுப்பில் அதே வண்டியில் சாதனை படைத்தார். பதிவான வேகம் மணிக்கு 183.59 மைல். 1978 இல் காலமானார்.

சராசரிக் கணக்கிலிருந்த பிழையைப் பின்னர் அவரது மகன் கண்டுபிடித்தார். 2014 இல் அது 184.087 மைலாகத் திருத்தப்பட்டது. அவர் இறந்து 36 வருடங்களுக்குப் பின்!

அன்று எழுதிவைத்த எண்கள் இருந்தன, கேட்க ஒரு மகன் இருந்தான். அதனால் திருத்த முடிந்தது. திருத்தப்படாத கணக்குகள் எங்களிடமும் உண்டு. இப்போது நான் எதையும் இரண்டு கொப்பிகளில் எழுதி, ஒன்றை மகளிடம் கொடுத்து வைக்கிறேன்.