டி.ஆர். பூங்காவுக்குப் பெயர் தந்தவர்

சென்ற ஆண்டு நம் கழகத்தில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. நமது நாட்டில் நடப்பது நல்ல மக்களாட்சியா, பெயரளவு மக்களாட்சியா என்பது தலைப்பு. நான் இரண்டாவது அணி. எதிரணியினர் தேர்தல்கள் நடந்து வருவதையும் 2018-இல் ஆட்சி மாறியதையும் சொன்னார்கள். நாங்கள் சட்டங்களை அடுக்கினோம். நடுவர் வழக்கம்போல் இரு பக்கமும் நியாயம் உண்டு என்று முடித்து வைக்க, எல்லாரும் மீ கோரேங் சாப்பிடப் போய்விட்டோம். எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. நாங்கள் பேசிய அத்தனையிலும் ஒரு மனிதர்கூட இல்லையே என்று பட்டது.

அந்த விடுமுறையில் ஈப்போவுக்குத் தாத்தா வீட்டுக்குச் சென்றிருந்தேன். மாலையில் அவர் நடக்கப் போகும் இடம் டி.ஆர். பூங்கா. சிறு வயதில் அங்கே ஊஞ்சல் ஆடியிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் தர்மராஜா சீனிவாசகம் என்ற ஒரு தமிழர் இருக்கிறார் என்பது இருபத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. தமிழ்ப்பள்ளியிலும் படித்தேன், தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தேன். இரண்டிலும் அவரைப் பற்றிப் படித்த நினைவில்லை. தாத்தா சொன்னதில் தொடங்கி, பிறகு நூலகத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டி.ஆர். 1921-இல் பிறந்தவர். இலங்கைத் தமிழர் குடும்பம். வழக்கறிஞரான பின் அண்ணன் எஸ்.பி. சீனிவாசகத்துடன் ஈப்போவில் தொழில் நடத்தினார். கையில் காசில்லாமல் வருகிறவர்களுக்காகவும் வாதாடுவார் என்று ஊரில் பெயர். 1953-இல் சகோதரர்கள் இருவரும் நண்பர்களோடு பேராக்கில் தொடங்கிய கட்சியே பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது.

1955 தேர்தலில் 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி வென்றிருந்தது. சுதந்திரத்தின்போது, ஈப்போ-மெங்லெம்பு தொகுதியின் உறுப்பினர் மலாக்கா ஆளுநராக நியமிக்கப்பட்டதால் 1957 நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது. நாடே மெர்டேக்கா மகிழ்ச்சியில் மிதந்த நேரம். அப்போது சுதந்திரம் வாங்கித் தந்த கூட்டணியை எதிர்த்து நின்று டி.ஆர். வென்றார். 1959-இலும் 1964-இலும் ஈப்போ மக்கள் அவரையே அனுப்பினார்கள். அந்த வாக்காளர்களில் பெரும்பாலோர் சீனர்கள் என்பதை நண்பர்கள் சற்றே நின்று யோசிக்க வேண்டும். இனம் பார்த்து இனம் ஓட்டுப் போடுகிறது என்று இன்று நாம் சலித்துக்கொள்கிறோம். ஈப்போவில் சீனர்கள் ஒரு தமிழரை மூன்று முறை தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

1959-இல் கூட்டணி பெற்ற வாக்குகள் பாதியைவிடச் சற்றே அதிகம். பெற்ற இடங்களோ 104-இல் 74. டி.ஆரின் கட்சிக்கு நான்கே இடங்கள். நான்கு பேரை வைத்துக்கொண்டு எந்தச் சட்டத்தையும் தடுக்க முடியாது. அவசரகாலம் முடிந்த 1960-லேயே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தொகுதி எல்லைகளை முடிவு செய்வதில் நாடாளுமன்றத்துக்கே இறுதி அதிகாரம் தரும் அரசியலமைப்புத் திருத்தம் 1962-இல் வந்தது. இப்படிப்பட்ட அவையில் எதிர்க்கட்சி உறுப்பினருக்கு என்னதான் வேலை என்று கேட்கத் தோன்றும். கேள்வி கேட்பதுதான் வேலை. டி.ஆர். அதைச் செய்தார்.

அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று ஓர் அமைச்சரின் பதவியையே பறித்தது. கல்வி அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப்பை நாம் அறிவோம். தமிழ்ப்பள்ளி வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர். 1960-இல் அவர் தலைமையில் வந்த அறிக்கையும், அதன்வழி வந்த 1961 கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவும், தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளைத் தேசியப் பள்ளிகளாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தந்தன. தமிழும் சீனமும் அதிகாரத்துவ மொழிகளாக வேண்டும் என்ற கட்சியை நடத்திய டி.ஆர்., அதே அமைச்சர்மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டுகளை வைத்தார்.

அவைக்குள் பேசியதற்காக யாரும் ஓர் உறுப்பினர்மீது வழக்குப் போட முடியாது. ஆகவே, துணிவிருந்தால் வெளியே வந்து சொல்லட்டும் என்ற சவால் எழுந்தது. இன்றைக்கும் நம் அரசியல்வாதிகள் இதே சவாலை விடுகிறார்கள், பெரும்பாலும் அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. டி.ஆர். வெளியே வந்து பொதுமக்கள் முன்னால் அதையே சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கில் தோற்றிருந்தால் டி.ஆரின் பணமும் போயிருக்கும், பெயரும் போயிருக்கும். ஆனால் 1965-இல் தோற்றது அமைச்சர். அதன்பின் அவர் பதவி விலகினார். மேல்முறையீடும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

பட்டிமன்றத்தில் இதை எந்த அணிக்குக் கொடுப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அரசாங்கத்தின் அமைச்சரை, அதே நாட்டின் நீதிமன்றத்தில், மிகச் சிறிய ஒரு கட்சியின் தலைவர் தோற்கடித்திருக்கிறார். தோற்ற அமைச்சரும் வீட்டுக்குப் போயிருக்கிறார். இது எதிரணிக்குப் போக வேண்டிய புள்ளி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டி.ஆர். ஒரு வழக்கறிஞர். அந்தச் சவாலை ஏற்க ஒரு தோட்டத் தொழிலாளியாலோ தமிழ்ப்பள்ளி ஆசிரியராலோ முடிந்திருக்குமா?

அதே 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஈப்போ நகர மன்றம் மக்கள் வாக்கினால் டி.ஆர். கட்சியின் கையில் இருந்த காலம் அது. சாக்கடை, தெருவிளக்கு, சந்தைக் கடை போன்ற சின்னக் காரியங்களில்தான் மக்கள் அந்தக் கட்சியை அன்றாடம் பார்த்தார்கள். ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், நம்மவர்தான், அதுவும் ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த மஇகாக்காரர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் 1968-இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976 சட்டத்தோடு நியமன உறுப்பினர்கள் நிலைத்துவிட்டார்கள்.

1969 மார்ச் 15-இல் டி.ஆர். இறந்தார். வயது 50-ஐ எட்டவில்லை. பொதுத்தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. என் தாத்தா வாக்களிக்கும் வயதை எட்டியபோது, அவர் ஓட்டுப் போட ஆசைப்பட்ட மனிதர் உயிரோடு இல்லை. இன்றும் அதைச் சொல்லும்போது தாத்தாவின் குரல் கொஞ்சம் இறங்குகிறது.

அந்த மே 10 தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் கூட்டணிக்குக் கிடைத்தது 19. டி.ஆரின் கட்சி 12 இடங்களை வென்றது. மூன்று நாளில் மே 13 கலவரம். நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. கூடியதும் நிறைவேறிய திருத்தம் மொழி, குடியுரிமை, சிறப்பு உரிமை ஆகியவற்றைக் கேள்விக்குள்ளாக்குவதைக் குற்றமாக்க வழி செய்தது. இந்த விஷயங்களில் அவைக்குள் பேசும் உறுப்பினருக்கு இருந்த பாதுகாப்பும் நீங்கியது. தமிழுக்கும் சீனத்துக்கும் தகுதி கேட்ட டி.ஆர். உயிரோடு இருந்திருந்தால், பழைய மாதிரி அவர் பேசியிருக்க முடியுமா என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் கட்சியின் வேர் பேராக்கைத் தாண்டி ஆழமாக ஓடவில்லை. மலாய்க்காரர்களிடம் பெரிதாகச் சென்று சேரவும் இல்லை. எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது, அது அண்ணன் தம்பி இருவரைச் சுற்றியே நின்ற கட்சி என்பதுதான். நாட்டில் மக்களாட்சி வேண்டும் என்று போராடியவர்கள், தங்களுக்குப் பின் கட்சியை ஏந்த மூன்றாவது ஒருவரை வளர்க்கவில்லை. தம்பி போனபின் எஸ்.பி. 1972-இல் பேராக்கில் கூட்டணியோடு சேர்ந்து ஆட்சி அமைத்தார். பிறகு கட்சி தேசிய முன்னணிக்குள் போனது. 1974 தேர்தலில் எஸ்.பி. மெங்லெம்புவில் ஜனநாயகச் செயல் கட்சியிடம் தோற்றார். அடுத்த ஆண்டே மறைந்தார். எதிர்த்து நின்றவரை மும்முறை அனுப்பிய ஊர், சேர்ந்து போனவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

விடுமுறையின் கடைசி மாலை தாத்தாவோடு மீண்டும் பூங்காவுக்குப் போனேன். குளத்தைச் சுற்றி மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள். புல் ஒட்ட வெட்டியிருந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டேன். மாநகர் மன்றம் என்றார் தாத்தா. அதன் உறுப்பினர்களுக்கு அவர் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை.