63 வயதில் முதல் இடம் பிடித்த நடிகை
ஹாலிவுட் குணச்சித்திர நடிகை மேரி டிரஸ்லரின் வாழ்க்கை

1931-ம் ஆண்டு நவம்பர் 10-ந்தேதி இரவு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள பில்ட்மோர் ஓட்டலில் ஆஸ்கார் பரிசளிப்பு விழா நடந்து கொண்டிருந்தது.

விருந்தும் பேச்சும் நீண்டு கொண்டே போயின. சிறந்த நடிகருக்கான போட்டியில் இருந்த ஜாக்கி கூப்பர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தூக்கம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த மூதாட்டியின் மீது சாய்ந்து தூங்கிவிட்டான்.

சிறந்த நடிகையின் பெயரை அறிவித்தார்கள். அந்த மூதாட்டியின் பெயர்தான் அது. பையன் விழித்துவிடாமல் மெல்ல அவனை அவன் தாயின் பக்கம் சாய்த்துவிட்டு, அவர் எழுந்து மேடைக்குப் போனார். பரிசைக் கொடுத்தவர், முந்திய ஆண்டு அதே பரிசைப் பெற்ற அழகு நட்சத்திரம் நார்மா ஷியரர்.

பரிசு பெற்றவர் மேரி டிரஸ்லர். அவருக்கு 63 வயது நிறைந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

கனத்த உடம்பு. தொங்கும் கன்னம். சுருக்கம் விழுந்த முகம். கதாநாயகிக்கு வேண்டிய லட்சணம் என்று பட உலகம் எதைச் சொல்லுமோ, அதில் ஒன்றுகூட அவரிடம் இல்லை. ஆனால் 1932-ம் ஆண்டு, வசூலைக் குவிக்கும் நட்சத்திரம் யார் என்று அமெரிக்கத் தியேட்டர்காரர்களிடம் கேட்டபோது, முதல் இடம் மேரி டிரஸ்லருக்குத்தான் கிடைத்தது. கிரேட்டா கார்போ, ஜோன் கிராபோர்டு, கிளார்க் கேபிள் எல்லாரும் அவருக்குப் பின்னால்தான். 1933-லும் அவரே முதல்வர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு அவரைக் கூப்பிட்டு வேலை கொடுக்க ஆள் இல்லை.

பாதிச் சம்பளம் தாய்க்கு

மேரி டிரஸ்லர் 1868-ம் ஆண்டு நவம்பர் 9-ந்தேதி கனடா நாட்டில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள கோபர்க் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லைலா மேரி கோர்பர். தகப்பனார் சங்கீத வாத்தியார், முன்கோபக்காரர். எந்த ஊரிலும் நிலைத்து இருக்கமாட்டார். குடும்பம் ஊர் ஊராக மாறிக் கொண்டே இருந்தது. வீட்டில் பணக் கஷ்டம்.

14 வயதில் லைலா வீட்டை விட்டு வெளியேறி, ஊர் சுற்றும் நாடகக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். வயது 18 என்று பொய் சொன்னார். ஆள் பெரிய உருவமாக இருந்ததால் நம்பிவிட்டார்கள். தன் குடும்பப் பெயர் நாடகத்தில் அடிபடுவதைத் தகப்பனார் விரும்பவில்லை. அதனால் ஓர் அத்தையின் பெயரை எடுத்துக்கொண்டு மேரி டிரஸ்லர் ஆனார்.

சம்பளம் வாரத்துக்கு 8 டாலரைத் தாண்டவில்லை. அதில் பாதியைத் தாய்க்கு அனுப்பினார். அடுத்துச் சேர்ந்த சங்கீத நாடகக் கம்பெனியில் வாரம் 8 டாலர் என்று பேச்சு. பணம் மட்டும் கைக்கு வரவில்லை. கோரஸ் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பாடினார், ஆடினார். இன்று இந்த வேடம், நாளை வேறு வேடம். அங்கேதான் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

தான் அழகி அல்ல என்பதை அவர் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டார். ஜனங்கள் தன் உருவத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால், தானே அவர்களைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அந்தப் பெரிய உடம்பு மேடையில் தடுக்கி விழுவதும், விழுந்த வேகத்தில் எழுந்து கம்பீரமாக நடப்பதும் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

1892-ல் நியூயார்க் பிராட்வே மேடை ஏறினார். 1896-ல் நடித்த "தி லேடி ஸ்லேவி" நாடகம் அவரைப் பெரிய நட்சத்திரம் ஆக்கியது. 1910-ல் "டில்லீஸ் நைட்மேர்" என்ற நாடகத்தில், சாப்பாட்டு விடுதி ஒன்றில் மாடாய் உழைக்கும் டில்லி என்ற பெண்ணாக நடித்து ஊர் ஊராகப் புகழ் பெற்றார்.

சாப்ளினுக்கு ஜோடி

ஊமைப்பட உலகம் அவரை அழைத்தது. 1914-ல் மாக் சென்னட் எடுத்த "டில்லீஸ் பங்சர்டு ரொமான்ஸ்" படத்தில் அவர்தான் கதாநாயகி. அவரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் எத்தனாக நடித்தவர் சார்லி சாப்ளின். சாப்ளின் அப்போது திரைக்குப் புதியவர். மேரி டிரஸ்லர் நாடெங்கும் தெரிந்தவர். சிறு துண்டுப் படங்களாக மட்டுமே நகைச்சுவையை எடுத்துவந்த காலத்தில், ஆறு ரீல் நீளத்துக்கு வந்த முழுநீள நகைச்சுவைப் படம் அது.

முதல் உலகப் போரின்போது, 1918-ல் போர் நிதிப் பத்திரம் விற்க இருவரும் மேடை ஏறினார்கள். வாஷிங்டனில் பேசும்போது, ஆவேசத்தில் சாப்ளின் மேடையில் இருந்து வழுக்கி மேரி டிரஸ்லர் மீது விழ, இருவரும் கீழே நின்ற உயரமான இளைஞர் ஒருவர் மேல் விழுந்தார்களாம். அந்த இளைஞர், பின்னாளில் ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். சாப்ளின் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

கோரஸ் பெண்களின் தலைவி

1919-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந்தேதி நியூயார்க்கில் நாடக நடிகர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. வாரக் கணக்கில் ஒத்திகை நடக்கும். அதற்குச் சம்பளம் கிடையாது. நாடகம் ஓடாவிட்டால் போன ஊரிலேயே அம்போ என்று விட்டுவிடுவார்கள். திரும்பி வர ரெயில் செலவு அவர்கள் பாடு. கோரஸ் பெண்களின் நிலை இன்னும் மோசம். காலுறையும் ஷூவும் கூடத் தங்கள் காசில் வாங்க வேண்டும்.

மேரி டிரஸ்லர் அப்போது பெரிய நட்சத்திரம். அவருக்குச் சொந்தக் குறை என்று எதுவும் இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாரம் 8 டாலருக்குக் கோரஸில் நின்ற நாளை அவர் மறக்கவில்லை. ஆகஸ்டு 12-ந்தேதி கோரஸ் நடிகர், நடிகைகளுக்கென்று தனிச் சங்கம் அமைந்தது. அதன் முதல் தலைவியாக மேரி டிரஸ்லர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

போராட்ட நிதிக்காக நடிகர்களே மேடை நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். அவற்றில் கோரஸ் பெண்களோடு சேர்ந்து மேரி டிரஸ்லரும் ஆடிப் பாடினார். மேடைத் தொழிலாளர்களும் வாத்தியக்காரர்களும் ஆதரவுக்கு வந்தார்கள். வேலை நிறுத்தம் 8 நகரங்களுக்குப் பரவியது. 37 நாடகங்கள் நின்றன. 30 நாட்களுக்குப் பிறகு முதலாளிகள் இறங்கி வந்து சங்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

வேலை இல்லாத நாட்கள்

வெற்றிக்குப் பின் சோதனை வந்தது. வேலை நிறுத்தத்தில் முன்னே நின்றவரை அழைக்கப் பல முதலாளிகளுக்கு மனம் வரவில்லை என்று சொல்வார்கள். ஜனங்களின் ரசனையும் மாறிவிட்டது. 1920-க்குப் பிறகு இளம் அழகிகளின் நடனத்துக்குத்தான் கிராக்கி. 50 வயதைத் தாண்டிய, கனத்த உடம்புக்காரியின் கோமாளித்தனம் பழங்கதை ஆனது. 1921-ல் அவருடைய துணைவர் ஜேம்ஸ் டால்டன் இறந்தார்.

வாய்ப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நியூயார்க்கில் ரிட்ஸ் ஓட்டலில், தெரிந்தவர் தயவில் குறைந்த வாடகைக்குச் சிறிய அறை ஒன்றில் இருந்தார். பாரிஸ் நகருக்குப் போய்ச் சின்னதாக ஓர் ஓட்டல் நடத்திப் பிழைக்கலாம் என்று யோசித்தார்.

அந்த நேரத்தில் ஆலன் டுவான் என்ற டைரக்டர் "தி ஜாய் கேர்ள்" படத்தில் ஒரு சிறு வேடம் கொடுத்தார். அதே 1927-ல் இன்னொரு கையும் நீண்டது.

செய்த உதவி திரும்பி வந்தது

பல ஆண்டுகளுக்கு முன்பு, சான் பிரான்சிஸ்கோவில் பிரான்சிஸ் மரியன் என்ற இளம் பெண் நிருபர் மேரி டிரஸ்லரைப் பேட்டி காண வந்தார். அந்தப் பத்திரிகையின் மேல் மேரி டிரஸ்லருக்குக் கோபம். ஆனால் பேட்டி இல்லாமல் திரும்பினால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும் என்று தெரிந்ததும், உட்கார வைத்துப் பேட்டி கொடுத்தார். பிற்காலத்தில் பிரான்சிஸ் மரியனே இதைச் சொல்லியிருக்கிறார்.

அந்த நிருபர் வளர்ந்து, ஹாலிவுட்டின் பெரிய கதாசிரியை ஆகியிருந்தார். மேரி டிரஸ்லரின் நிலையைக் கேள்விப்பட்டதும், அவருக்கென்றே "தி காலஹன்ஸ் அண்டு தி மர்பீஸ்" என்ற திரைக்கதையை எழுதி, எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் தயாரிப்புப் பொறுப்பாளர் இர்விங் தால்பர்க்கிடம் கொடுத்தார்.

படம் வந்தது. ஆனால் ஐரிஷ் மக்களைக் கேலி செய்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதால், திரும்பப் பெற்றுவிட்டார்கள். மீண்டும் சில்லறை வேடங்கள்தான்.

குரல் கைகொடுத்தது

பிறகு பேசும்படம் வந்தது. ஊமைப்பட நட்சத்திரங்கள் பலருக்கு அது இடியாக விழுந்தது. மேரி டிரஸ்லருக்கு அதுவே வாசலைத் திறந்தது. மைக் இல்லாத காலத்தில், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி 40 ஆண்டுகள் மேடையில் பேசிய குரல் அவருடையது.

1930-ல் கிரேட்டா கார்போ முதன்முதலாகப் பேசி நடித்த "அன்னா கிறிஸ்டி" வெளிவந்தது. திரைக்கதை பிரான்சிஸ் மரியன். துறைமுகத்தில் குடித்துத் திரியும் மார்த்தி என்ற கிழவி வேடத்தை மேரி டிரஸ்லருக்கு வாங்கிக் கொடுத்தார். மதுக்கடை மேஜையில் கார்போவும் அவரும் எதிர் எதிரே உட்கார்ந்து பேசும் காட்சி படத்தின் ஆரம்பத்தில் வரும். கார்போவின் குரலைக் கேட்க வந்த கூட்டம், கிழவியையும் மனதில் ஏற்றிக்கொண்டு போயிற்று.

அதே ஆண்டு "மின் அண்டு பில்" வந்தது. துறைமுகத்தில் விடுதி நடத்தும் முரட்டுக் கிழவி மின். பெற்றவள் போட்டுவிட்டுப் போன பெண் குழந்தையைச் சொந்த மகளாக வளர்க்கிறாள். பெண்ணுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் கூடி வருகிறது. அந்த நேரத்தில், பெற்றவள் பணம் பறிக்கத் திரும்பி வருகிறாள். மகளின் வாழ்வு கெடாமல் இருக்க, மின் அவளைச் சுட்டுவிடுகிறாள்.

கடைசிக் காட்சியில் மணமக்கள் கப்பல் ஏறுகிறார்கள். மின் கூட்டத்தில் மறைந்து நின்று பார்க்கிறாள். கைது செய்யப் போலீஸ் வந்துவிட்டது. அவள் முகத்தில் அழுகை இல்லை, சிரிப்பு. 50 ஆண்டு நடிப்பு அந்த ஒரு முகத்தில் இருக்கிறது. ஆஸ்கார் பரிசு இந்தப் படத்துக்காகத்தான்.

ஏன் பிடித்தது?

அது அமெரிக்காவில் கடும் பொருளாதார நெருக்கடிக் காலம். 1933-ல் உழைப்பாளிகளில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. பளபளக்கும் முகங்களை ஜனங்கள் ரசித்தார்கள். ஆனால் தங்கள் வீட்டில் இருக்கும் முகத்தை மேரி டிரஸ்லரிடம்தான் பார்த்தார்கள். அடிபட்டும் எழுந்து நிற்பவளை அவர் நடித்துக் காட்டினார்.

1932-ல் வந்த "எம்மா" படத்தில் அவர் குழந்தைகளை வளர்க்கும் பணிப்பெண். தாயை இழந்த குழந்தைகளை எம்மா வளர்த்து ஆளாக்குகிறாள். வயதான காலத்தில் எஜமானர் அவளை மணந்து, சொத்தை அவள் பெயருக்கு எழுதிவிட்டு இறக்கிறார். வளர்த்த பிள்ளைகளே அவள் மீது கொலைப் பழி சுமத்துகிறார்கள். வழக்கில் விடுதலையான எம்மா, சொத்து முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டு, வேறொரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாள். இந்த வேடமும் ஆஸ்கார் போட்டிக்குப் போயிற்று.

1933-ல் இழுவைப் படகு ஓட்டும் "டக்போட் ஆனி"யாக நடித்தார். அதே ஆண்டு "டின்னர் அட் எய்ட்" படத்தில், நொடித்துப்போன பழைய நாடக நடிகை வேடம். முடிவில், தான் ஒரு புத்தகம் படித்ததாக ஜீன் ஹார்லோ சொல்வார். அதைக் கேட்டதும் நடந்து கொண்டிருக்கும் மேரி டிரஸ்லர் ஒரு கணம் தடுமாறி நிற்பார். வசனமே வேண்டாம், தியேட்டர் சிரிப்பில் அதிரும். ஊமைப்படத்திலும் மேடையிலும் பழகிய உடம்பு செய்த வேலை அது.

கடைசி உயில்

இந்தப் புகழ் எல்லாம் வரும்போதே அவருக்குப் புற்றுநோய் கண்டிருந்தது. நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் படப்பிடிப்பு வைத்துக்கொண்டார்கள். 1933 நவம்பரில் அவருடைய 65-வது பிறந்தநாளை ஸ்டூடியோ பெரிய விருந்து வைத்துக் கொண்டாடியது, ரேடியோவிலும் ஒலிபரப்பினார்கள்.

1934-ம் ஆண்டு ஜூலை 28-ந்தேதி, கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பகுதியில் காலமானார். வயது 65.

சொத்தின் பெரும்பகுதியைத் தமக்கைக்கு எழுதியிருந்தார். ஆனால் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது வேறு. 20 ஆண்டுகள் தன்னோடு இருந்த கறுப்பினப் பணிப்பெண் மேமி காக்சுக்கு 35 ஆயிரம் டாலரும், தன் காரும். அவருடைய கணவர் ஜெர்ரி காக்சுக்கு 15 ஆயிரம் டாலர். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. வேலை இல்லாத நாட்களிலும் கூட இருந்தவர் மேமி. அந்தப் பணத்தைக் கொண்டு ஜார்ஜியா மாநிலம் சவன்னா நகரில் காக்ஸ் தம்பதிகள் ஓர் இரவு விடுதி தொடங்கி, முதலாளிகள் ஆனார்கள்.

காலம் போகப்போக மேரி டிரஸ்லரின் பெயர் மங்கியது. கார்போவையும் ஹார்லோவையும் தெரிந்தவர்களில் பலருக்கு, அவர்களோடு ஒரே படத்தில் நின்ற அந்தக் கிழவியின் பெயர் தெரியாது. பழைய படங்களைத் தேடிப் பார்க்கும் ரசிகர்கள்தான் அவரை விடாமல் நினைவில் வைத்திருக்கிறார்கள். கோபர்க்கில் அவர் பிறந்த வீடு நினைவுச் சின்னமாக இருக்கிறது.

2008-ல் கனடா தபால் துறை, ஹாலிவுட்டில் புகழ் பெற்ற கனடாக்காரர்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. நால்வரில் ஒருவர் மேரி டிரஸ்லர். இன்னொருவர், அன்றைக்கு மேடையில் அவர் கையில் பரிசைக் கொடுத்த நார்மா ஷியரர். அழகிக்கும் கிழவிக்கும் தபால் தலையில் ஒரே மதிப்புத்தான்.