இல்லாத மெஷினை ஓட்டிப் பார்த்தவர்!

இந்த முறை நான் உங்களுக்குச் சொல்லப் போவது ஆலன் டூரிங்கின் கதை. 1912 ஜூன் 23ல் லண்டனில் பிறந்தவர். ஆனா நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கு தெரியுமா? அவருடைய அம்மா பிறந்தது நம்ம கோவை போத்தனூரில்! அப்பா சென்னை மாகாணத்தில் அதிகாரியாக வேலை பார்த்தவர்.

1936ல் டூரிங் கேம்பிரிட்ஜில் இருந்தபோது ஒரு கட்டுரை எழுதினார். அப்போ கம்ப்யூட்டர் என்றால் உட்கார்ந்து கணக்குப் போடுகிற ஆள் என்றுதான் அர்த்தம்! டூரிங் மனசுக்குள்ளேயே ஒரு மெஷினைச் செய்தார். கட்டம் போட்ட நீளமான நாடா. மெஷின் ஒரு கட்டத்தைப் படிக்கும், மாற்றி எழுதும், பக்கத்துக் கட்டத்துக்கு நகரும். அவ்வளவுதான். இனிமேதான் அதிசயம். வேறொரு மெஷின் எப்படி வேலை செய்யும் என்ற விவரத்தை அந்த நாடாவில் எழுதிக் கொடுத்தால், இது அந்த மெஷின் மாதிரியே நடந்துகொள்ளும் என்று நிரூபித்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜெர்மானியர்கள் எனிக்மா என்ற மெஷினில் ரகசியச் செய்தி அனுப்பினார்கள். அதை உடைக்க டூரிங் வடிவமைத்த பாம்பே என்ற மெஷின் 1940ல் வேலையைத் தொடங்கியது. வழக்கமான ஒரு பாம்பேக்குள் 36 எனிக்மாக்கள் செய்கிற வேலையை அப்படியே செய்யும் உருளைகள் சுற்றின. எதிரியின் மெஷினைப் போலவே ஒன்றைச் செய்து, எதிரியையே மடக்கினார்!

போருக்குப் பிறகு நண்பர் ஒருவருடன் சேர்ந்து செஸ் ஆடும் புரோகிராம் எழுதினார். அதை ஓட்டுகிற அளவுக்கு அன்றைய கம்ப்யூட்டர்களுக்குச் சக்தி இல்லை. டூரிங் விட்டாரா? 1952ல் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து தானே கம்ப்யூட்டராக மாறினார். விதிப்படி கணக்குப் போட ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் ஆச்சாம். கடைசியில் தோற்றுப் போனார். ஆனா புரோகிராம் ஓடிடுச்சே!

அதே 1952ல், இன்னொரு ஆணை நேசித்தார் என்பதற்காக அன்றைய பிரிட்டிஷ் சட்டம் அவரைக் குற்றவாளி ஆக்கியது. 1954 ஜூன் 7ல் இறந்தபோது வயது 41தான். 2013ல் அரச மன்னிப்பு வந்தது. 2021ல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது. எவ்ளோ லேட் பாருங்க! எனக்கு இதைப் படிச்சப்போ மனசு கனத்துப் போச்சு.

அவர் கண்ட வழி இன்றும் ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு புது கருவியை ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு பேச வைக்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். கருவி தொழிற்சாலையில் தயாராகும்வரை டிரைவர் எழுதுபவர்கள் சும்மா இருப்பதில்லை. கியூஇஎம்யூ போன்ற மென்பொருளுக்குள் ஒரு பொய்க் கருவியை உருவாக்குகிறார்கள். டிரைவர் ஒரு எண்ணை அனுப்பினால், நிஜக் கருவி மாதிரியே அது பதில் சொல்லும். வேணும்னே தப்பான பதில் சொல்ல வைத்தும் சோதிக்கலாம். புகை வராது, எதுவும் எரியாது, செலவும் இல்லை!

நண்பர்களே, லேப் பீரியடில் கரண்ட் போனால் இனி அரட்டை வேண்டாம். நோட்டை எடுத்து, நீங்க எழுதின புரோகிராமை வரி வரியாக நீங்களே ஓட்டிப் பாருங்க. டூரிங் செய்ததும் அதைத்தான்!

– 11ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு