வேகம் கண்ட பொறியாளர் பெண்ட்லி

வால்டர் ஓவன் பெண்ட்லி 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. இரயில் எஞ்சின்கள் மீது தீராத ஆசை கொண்ட இவர், பதினாறாம் வயதில் டான்காஸ்டர் இரயில்வே தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பின்பு 1912-இல் தம் அண்ணனுடன் கூட்டாக, டி.எஃப்.பி. என்னும் பிரெஞ்சுக் கார்களை விற்கத் தொடங்கினார்.

பந்தயத்தில் வென்றால் விற்பனை பெருகும் என்பது அவர் கணக்கு. அதற்கு எஞ்சினின் வலிமை போதவில்லை. 1913-இல் பிரான்சிலிருந்த டி.எஃப்.பி. தொழிற்சாலைக்குச் சென்றபோது, மேசைமீது காகிதம் பறக்காதிருக்க வைத்திருந்த சிறு பொருள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அது அலுமினியத்தில் பிஸ்டன் வடிவாகச் செய்யப்பட்டிருந்தது. உண்மையான பிஸ்டனையே அலுமினியத்தில் செய்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது.

பிஸ்டன் என்பது எஞ்சினின் உருளைக்குள் மேலும் கீழும் ஓடும் பாகம். நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை அது ஓடி, நின்று, திரும்ப வேண்டும். அக்காலத்தில் அதைப் பெரும்பாலும் இரும்பில்தான் வார்த்தார்கள். இரும்புச் சட்டியையும் அலுமினியச் சட்டியையும் தூக்கிப் பார்த்த மாணவிகளுக்கு வேறுபாட்டை விளக்கவா வேண்டும்? எடை குறைந்தால் எஞ்சினின் சுழற்சி சட்டென்று கூடும்; காரும் விரைந்து கிளம்பும். அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால், எரிபொருள் கலவையை முன்னிலும் இறுக்கி எரிக்கலாம். தனி அலுமினியம் அச்சூட்டைத் தாங்காது. ஆகவே 88 பங்கு அலுமினியத்துடன் 12 பங்கு செம்பு கலந்தார். 1914-இல் அந்த டி.எஃப்.பி. கார் ப்ரூக்லாண்ட்ஸ் ஓடுபாதையில் மணிக்கு ஏறத்தாழ 144 கி.மீ. வேகத்தை எட்டியது.

முதல் உலகப்போர் மூண்டதும் பெண்ட்லி இந்த இரகசியத்தைக் கடற்படைக்குத் தெரிவித்தார். ரோல்ஸ்-ராய்ஸ் விமான எஞ்சின்களிலும் அந்தப் பிஸ்டன் இடம்பெற்றது. இந்த ரோல்ஸ்-ராய்ஸ் மீண்டும் நம் கதையில் வரும். 1919-இல் தம் பெயரிலேயே கார் கம்பெனி தொடங்கினார். அதே ஆண்டில் இன்ஃபுளூயன்சா காய்ச்சல் அவருடைய மனைவியைக் கொண்டுபோயிற்று.

பிரான்சில் நடைபெறும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் பெண்ட்லி கார்கள் 1924-இலும், பின்பு 1927 முதல் 1930 வரை தொடர்ந்தும் வென்றன. ஆனாலும் பந்தய வீரர் டிம் பெர்கினுக்கு வேகம் போதவில்லை. எஞ்சினுக்குள் காற்றை வலிந்து செலுத்தும் சூப்பர்சார்ஜரை 4½ லிட்டர் காரில் பொருத்த விரும்பினார். காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும். 110 குதிரைத்திறன் 175 ஆயிற்று. பணம் கொடுத்தவர் டாரதி பேஜட் என்னும் சீமாட்டி. குதிரைப் பந்தயத்திலும் புகழ்பெற்றவர்.

பெண்ட்லி இதை விரும்பவில்லை. ஓர் எஞ்சினுக்கு அளவு மீறி ஊட்டுவது அதைக் கெடுப்பதாகும், வலிமை வேண்டுமானால் பெரிய எஞ்சினைச் செய்வதே முறை என்றார். கம்பெனிக்குப் பணம் போட்டிருந்த வுல்ஃப் பர்னாட்டோ பெர்கினுக்கு இணங்கிவிட்டதால் அவர் சொல் எடுபடவில்லை. 1930 லெ மான் பந்தயத்தில் சூப்பர்சார்ஜர் கார்கள் இரண்டும் முடிவுவரை ஓடவில்லை. பெண்ட்லியின் வழியில் செய்த 6½ லிட்டர் கார்களே முதலிரண்டு இடங்களைப் பெற்றன. ஆயினும் பெர்கினையும் குறைசொல்ல முடியாது. அவ்வாண்டே பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் அதே வகைக் காரில் இரண்டாவதாக வந்தார்.

வெற்றிகள் கடனை அடைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் 1931-இல் கம்பெனி விழுந்தது. நேப்பியர் நிறுவனம் வாங்கும் என்று பெண்ட்லி நம்பியிருந்தார். வேறொரு பெயரின் மறைவில் வந்து வாங்கியது ரோல்ஸ்-ராய்ஸ்! கார்களோடு அவருடைய பெயரும் கைமாறியது.

சில ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்து, 1935-இல் லகொண்டா நிறுவனத்திற்குப் போனார். அங்கு அவர் தலைமையில் உருவான ஆறு உருளை எஞ்சின்தான் 1950-இல் வெளிவந்த ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.2 காரை ஓட்டியது. 1971 ஆகஸ்ட் 13-ஆம் நாள், தமது 82-ஆம் வயதில் பெண்ட்லி காலமானார். அவர் பெயர் தாங்கிய கார்களை அப்போதும் ரோல்ஸ்-ராய்ஸ் செய்துகொண்டிருந்தது.