மேற்பரப்பில் சிக்கிய எலெக்ட்ரான்கள்: ஜான் பார்டீன்

இயற்பியலுக்கான நோபல் பரிசை இருமுறை வென்றவர் ஒருவரே. அவர் ஜான் பார்டீன். ஐன்ஸ்டைனை அறிந்த அளவுக்கு நம் மாணவர்கள் இவரை அறிவதில்லை. மிக மெல்லிய குரலில், குறைவாகவே பேசுவாராம். அதுவும் ஒரு காரணமோ என்னவோ! ஆனால், குவாண்டம் கணினிக்குச் சில்லு செய்ய முனைவோர் இவரை மறக்க முடியாது.

1908 மே 23-ஆம் நாள் அமெரிக்காவின் மேடிசன் நகரில் பிறந்தார். 1920-இல் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மின்பொறியியல் பயின்று, எண்ணெய் நிறுவனமொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியபின் மீண்டும் மாணவராகி, பிரின்ஸ்டனில் 1936-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1945-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. குறைக்கடத்தியின் அருகே உலோகத் தகட்டை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், உள்ளே ஓடும் மின்னோட்டம் மாற வேண்டும். குழுத்தலைவர் ஷாக்லியின் கணக்கு அப்படித்தான் சொன்னது. சோதனையிலோ எதிர்பார்த்தது நடக்கவில்லை. காரணத்தை 1946-இல் பார்டீன் கண்டார். மேற்பரப்பில் சிக்கிக்கொண்ட எலெக்ட்ரான்கள் வேலிபோல் நின்று மின்புலத்தை உள்ளே விடாமல் மறைக்கின்றன என்றார்.

அந்த வேலியைத் தாண்டும் வழியைத் தேடியபோதுதான், 1947 டிசம்பர் 16-ஆம் நாள், அவரும் பிராட்டெயினும் ஜெர்மானியத் துண்டின்மேல் இரு தங்க முனைகளை வைத்து முதல் டிரான்சிஸ்டரை இயக்கினர். அதில் நேரடிப் பங்கில்லாத ஷாக்லிக்கு மனத்தாங்கல். அடுத்த கட்ட ஆய்வில் இருவரையும் ஒதுக்கிவைத்தார். பார்டீன் சண்டைக்குப் போகவில்லை. 1951-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திற்குப் போய்விட்டார். அது நல்லதாகவே முடிந்தது என்பேன். அங்கேதான் கூப்பர், ஷ்ரீஃபர் இருவரோடும் 1957-இல் மீகடத்தலை விளக்கினார்.

1956-இல் முதல் பரிசு பெறச் சென்றபோது மகன்கள் இருவரையும் அழைத்து வரவில்லையே என்று சுவீடன் மன்னர் செல்லமாகக் கடிந்துகொண்டாராம். அடுத்த முறை அழைத்து வருவதாகச் சொன்னவர், 1972-இல் மூன்று பிள்ளைகளோடும் போய் நின்றார்.

1991 ஜனவரி 30-ஆம் நாள் பார்டீன் மறைந்தார். ஏழாண்டுகள் கழித்து, குவாண்டம் புள்ளியில் அடைபட்ட எலெக்ட்ரானின் தற்சுழற்சியைக் கொண்டே கணிக்கலாம் என லாஸ், டிவின்சென்சோ இருவரும் முன்மொழிந்தனர். சில பத்து நானோமீட்டர் அகலமே உள்ள அச்சிறையை மின்முனைகளின் அழுத்தம்தான் உருவாக்குகிறது. அழுத்தத்தைச் சற்றே மாற்றினால் எலெக்ட்ரானின் ஆற்றலும், அண்டைப் புள்ளியோடு அதற்குள்ள பிணைப்பும் மாறும். ஆனால், சிலிக்கனும் அதன் ஆக்சைடும் சேரும் எல்லையில் இன்றும் மின்னூட்டங்கள் சிக்குகின்றன, விடுபடுகின்றன. ஒரு புள்ளிக்கு அரும்பாடுபட்டுச் சரிசெய்த அழுத்தம் பக்கத்துப் புள்ளிக்கு அப்படியே பொருந்துவதில்லை. சில வேளைகளில், மறுநாள் அதே புள்ளிக்கும் பொருந்துவதில்லை.